குடும்பிமலைக்கு ஒரு பகல்: முதல் தடவை போகிறவர்களுக்கு

எங்கள் பக்கத்து மலைகளைப் பார்த்து யாரும் மிரள்வதில்லை. நுவரெலியாவில் பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவரை மட்டக்களப்பின் குடும்பிமலைக்கு அழைத்துப் போயிருந்தேன். தூரத்தில் தெரிந்த பாறையைக் கண்டதும், "இதுவா மலை?" என்று சிரித்தார். அவர் சிரித்ததில் தவறில்லை. உயரம் ஐந்நூறு மீற்றருக்குச் சற்று மேல்தான். அவருடைய ஊரில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களே அதைவிட மேலே நிற்பார்கள். பதினொரு மணிக்கு அதே மனிதர் ஒரு வீரை மரத்தடியில் குந்தியிருந்து, தன்னுடைய இரண்டு போத்தலையும் முடித்துவிட்டு, எங்கள் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், ஏறுகிறவரைக் களைக்க வைப்பது உயரம் அல்ல, வெயில். ஆபத்தில் தள்ளுவது பெரும்பாலும் செங்குத்து அல்ல, பின்னேரம். பையில் எதை வைப்பது, எதை விடுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று கீழே சொல்லப் போகும் எல்லாமே இந்த இரண்டிலிருந்து வருபவைதான்.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு மலையை

நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றோடு வரும் மழைதான் எங்கள் மாவட்டங்களின் பெருமழை. அந்த மாதங்களில் கிரானிலிருந்து குடும்பிமலைப் பக்கம் புலிபாய்ந்தகல் போகும் வீதி வெள்ளத்தில் மூழ்குவது வருடாந்தச் செய்தி. அந்தப் பக்கத்து மக்களே தோணியிலும் உழவு இயந்திரத்திலும் பயணம் செய்யும் நாட்களில், பொழுதுபோக்குக்காக மலை ஏறப் போவது அவர்களுக்குச் செய்யும் உபத்திரவம். மே முதல் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று. இது கொறிக்கும் கச்சான் கடலை அல்ல, உதட்டை வெடிக்க வைக்கும் கச்சான். அந்த நாட்களில் போகலாம். ஆனால் விடிந்து வெளிச்சம் பரவியதும் தொடங்கி முற்பகலிலேயே கீழே இறங்கிவிடும் சிறிய நடையாக இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் பெப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் புதியவர்களுக்கு உகந்தவை. குளங்கள் நிறைந்திருக்கும், காடு பச்சையாக இருக்கும், பாறை இன்னும் அடுப்பாக மாறியிருக்காது. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பிற்பகலில் இடி மின்னல் வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஒக்டோபரிலும் அப்படித்தான். மொட்டைப் பாறையின் உச்சியில் நிற்கும்போது இடியோசை கேட்டால் படம் எடுத்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். உடனே இறங்குங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

முதல் தடவை குடும்பிமலைக்கே போக வேண்டும் என்றும் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் தாந்தாமலை இருக்கிறது. முருகன் கோயில், பாறை, சுற்றிலும் காடு. வழி கேட்க ஆட்களும் கிடைப்பார்கள். அம்பாறைப் பக்கம் உகணைக்கு அப்பால் இராஜகல இருக்கிறது. தொல்லியல் இடம் என்பதால் நடைபாதை தெளிவாக இருக்கும். பாணமைக்குத் தெற்கே, உகந்தைக்குப் போகும் வழியில் குடும்பிகல என்ற பௌத்தத் துறவிகளின் மலை இருக்கிறது. அதன் உச்சியில் உருளை வடிவத்தில் ஒரு பழைய தாதுகோபம் நிற்கிறது. பெயர் ஒற்றுமையில் ஏமாந்து, கைத்தொலைபேசி வரைபடத்தில் குடும்பிமலைக்குப் பதிலாகக் குடும்பிகலவை அழுத்தியவர்களை எனக்குத் தெரியும். இரண்டுக்கும் இடையில் நூறு கிலோமீற்றருக்கு மேல். எங்களவருக்குத் தலையில் முடிந்த குடும்பியாகத் தெரிந்த மட்டக்களப்பு மலை, சிங்களத்தில் தொப்பியாகித் தொப்பிகல ஆனது. வெள்ளைக்காரரும் ஒரு பிரபுவின் தொப்பியைத்தான் அதில் கண்டார்கள். முடியோ தொப்பியோ, எல்லோரும் தலையில் வைப்பதைத்தான் நினைத்திருக்கிறார்கள் என்பதை ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொள்ளலாம்: தொப்பியை மறக்க வேண்டாம்.

இவற்றில் பல இடங்கள் வன இலாகாவின் காடு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் எல்லை, தொல்லியல் பூமி என்று ஏதாவது ஒன்றுக்குள் அடங்கும். போகுமுன் அந்த ஊர்க் கிராம உத்தியோகத்தரிடமோ திணைக்கள அலுவலகத்திலோ கேட்டுவிடுங்கள். கல்லோயா தேசியப் பூங்கா போன்ற இடங்களில் தன்னிச்சையாக இறங்கி நடக்க முடியாது.

வீட்டில் ஒரு தாள்

பை கட்டுவதற்கு முந்திய வேலை இது. ஒரு தாளில் எந்த மலை, எந்த வழி, யார் யார் போகிறோம், வாகனத்தின் இலக்கம், எத்தனை மணிக்குத் திரும்ப அழைப்போம் என்று எழுதி வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். "மாலையில் வந்துவிடுவோம்" என்பது தகவல் அல்ல. "நான்கு மணிக்குக் கிரான் சந்தியிலிருந்து அழைப்போம், ஆறு மணிவரை அழைப்பு வராவிட்டால் இன்னாரிடம் சொல்லுங்கள்" என்பதுதான் தகவல். காட்டுக்குள் பல இடங்களில் தொலைபேசிக்கு அலைவரிசை கிடைக்காது. நீங்கள் தொடர்பில் இல்லாத அந்த மணித்தியாலங்களில் உங்களுக்காக யோசிக்கப் போவது அந்தத் தாள்தான்.

தனியாகப் போக வேண்டாம். நான்கு பேர் நல்ல எண்ணிக்கை. ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் அவருடன் இருக்க, இருவர் உதவி தேடிப் போகலாம். அந்தப் பகுதி ஆள் ஒருவர் கூட வந்தால் அதைவிட நல்லது. அவருக்கு நியாயமான கூலி கொடுங்கள்.

தண்ணீர்

இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன்.

எங்கள் வெயிலில் ஏறும்போது ஒரு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. கச்சான் நாட்களில் முக்கால் லீற்றர். ஆறு மணித்தியாலம் வெளியே இருப்பீர்கள் என்றால் ஆளுக்கு மூன்று முதல் நாலரை லீற்றர். நான்கு லீற்றர் என்றால் நான்கு கிலோ. பை பாரமாக இருக்கிறது என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் குறையுங்கள். ஒரு நாள் நடையின் பையில் பாதிப் பாரமாவது தண்ணீராக இருந்தால்தான் அது சரியாகக் கட்டப்பட்ட பை.

ஒரே பெரிய போத்தலாகக் கொண்டுபோக வேண்டாம். ஒன்று வெடித்தாலோ பாறையில் உருண்டாலோ எல்லாம் போய்விடும். ஒரு லீற்றர் போத்தல் நான்கு. இரண்டை முதல் நாள் இரவே குளிர்ப்பெட்டியில் உறைய வைத்து, துவாயில் சுற்றி, பையின் நடுவே முதுகோடு ஒட்டினாற்போல் வையுங்கள். பாரம் முதுகுக்குப் பக்கத்தில் இருந்தால் தோள் இழுக்காது. அவை பத்து மணியளவில் உருகிக் குடிக்கும் பதத்துக்கு வரும். இவை தவிர இன்னும் ஒரு லீற்றரை வாகனத்திலேயே விட்டுவையுங்கள். இறங்கி வரும்போது அதன் அருமை தெரியும்.

வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் குடித்துக்கொண்டே வியர்த்தால் உடம்பில் உப்புக் குறைந்து தலை சுற்றும். பாமசியில் கிடைக்கும் ஜீவனி என்ற உப்பு சீனிக் கரைசல் தூள் பக்கெற்று ஒன்றை ஒரு லீற்றர் போத்தலில் கரைத்துவையுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு லீற்றர் ஆறிய தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. ருசிக்குத் தேசிக்காய் பிழியலாம். என் அம்மம்மா அறுபது வயதுக்குப் பிறகும் உகந்தையிலிருந்து காட்டுப் பாதையில் கதிர்காமத்துக்கு நடந்தவர். சாரத் துணியில் தைத்த அவருடைய பையில் எப்போதும் தேசிக்காயும் உப்புப் பொட்டலமும் இருக்கும். விடியும்போது நடப்பார், உச்சிவெயிலில் மரத்தடியில் சரிவார், வெயில் சாய்ந்ததும் எழும்புவார். தாகம் எடுக்குமுன் இரண்டு மிடறு, மடமடவென்று ஒருபோதும் குடிப்பதில்லை. மலையேற்றம் பற்றிப் பிறகு நான் படித்ததில் பாதி, அவருடைய பையில் ஏற்கெனவே இருந்தது.

குளத்துத் தண்ணீரையும் பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரையும் அப்படியே குடிக்காதீர்கள். மாடும் யானையும் குரங்கும் இறங்கும் தண்ணீர் அது. குளிக்கவும் இறங்க வேண்டாம். எங்கள் குளங்களில் முதலை உண்டு, அது பலகை வைத்து அறிவிப்பதில்லை.

சோறு

கட்டுச்சோறு விஷயத்தில் ஒரே ஒரு விதி: தேங்காய் வேண்டாம். தேங்காய்ச் சம்பலும் பால்கறியும் அந்தச் சூட்டில் பகலுக்குள் புளித்துவிடும். பிட்டு எங்கள் மண்ணின் பெருமைதான், ஆனால் வறண்ட தொண்டையில் இறங்காது. அதை இறக்கவே ஒரு போத்தல் தண்ணீர் போகும். புளிச்சோறு, பொரித்த கருவாடு, அவித்த முட்டை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், கச்சான் அல்வா இவையெல்லாம் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஒருவேளைச் சாப்பாட்டை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துத் தின்றுகொண்டே போனால் உச்சியில் வயிறு நிறைந்து தூக்கம் வராது. ஒரு பங்கு அதிகமாக இருக்கட்டும், திரும்புவது பிந்தினால் உதவும். பொலித்தீனையும் எலும்பையும் திரும்பக் கொண்டுவர ஒரு வெறும் பை வையுங்கள்.

காலில் என்ன

அலுமாரியில் இரண்டு வருடம் தூங்கிய நல்ல சப்பாத்து ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். பார்வைக்குப் புதிது. நடுவழியில் வலது காலின் அடிப்பாகம் வாய் திறந்தது. பத்து நிமிடத்தில் முழுதாகக் கழன்று கையில் வந்தது. எங்கள் சூட்டிலும் ஈரத்திலும் சும்மா கிடக்கும் சப்பாத்தின் பசையும் அடியும் தாமாகவே உக்கிப்போகும் என்று அன்றைக்குத்தான் படித்தேன். சாரத்தின் ஓரத்தைக் கிழித்து, அடியையும் காலையும் சேர்த்து மாட்டுக்கு லாடம் கட்டுவதுபோலக் கட்டி, இரண்டு கிலோமீற்றர் இறங்கினேன். கூட வந்தவர்கள் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே போவதற்கு ஒரு கிழமை முன்பே சப்பாத்தைப் போட்டு ஊருக்குள் நடந்து பாருங்கள். அடியைக் கையால் வளைத்துப் பாருங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை. பிடிமானமுள்ள அடியும் கணுக்காலுக்கு வெளியே ஆடாத இறுக்கமும் இருந்தால் போதும். புத்தம் புதியதையும் போடாதீர்கள், கடிக்கும். இறப்பர் செருப்பு வயலுக்குச் சரி, சருகு மூடிய பாறைக்குச் சரியல்ல. காலுறை இரண்டு சோடி. கோயில், விகாரை இருக்கும் மலையில் சப்பாத்தைக் கழற்ற வேண்டி வரும். பத்து மணிக்குப் பிறகு அந்தப் பாறையில் வெறுங்கால் வைப்பது தோசைக்கல்லில் வைப்பதுதான். அந்த இரண்டாவது சோடி அதற்கும் உதவும்.

உடை: முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, வெளிர் நிறம், பருத்தி கலந்த மெல்லிய துணி. சூரை முள்ளும் உண்ணியும் அரைக் காற்சட்டைக்காரரைத்தான் தேடி வரும். காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். அழகாக இருக்காது. வாசனைத் திரவியம் பூச வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

பாய் விரித்துக் கட்டுங்கள்

முதல் நாள் இரவு ஒரு பாயை விரித்து, கொண்டுபோகும் எல்லாவற்றையும் அதில் பரப்பிவையுங்கள். கண்ணால் பார்த்துப் பையில் போடுவது ஞாபகத்திலிருந்து போடுவதைவிட நூறு மடங்கு நல்லது.

தண்ணீரும் உணவும் ஏற்கெனவே சொன்னேன். மிச்சம் சிறியவைதான். டோர்ச் ஒன்று, பகல் நடையானாலும். தொலைபேசி வெளிச்சத்தை நம்ப வேண்டாம், அந்த மின்சாரம் அழைப்புக்கு வேண்டும். விசில் ஒன்று, தொண்டை வறண்ட பிறகு கத்த முடியாது, ஊத முடியும். மூன்று தரம் ஊதினால் உதவி வேண்டும் என்று கூட்டத்துக்குள் முன்பே பேசிவையுங்கள். சின்னக் கத்தி, தீப்பெட்டி, பத்து முழக் கயிறு, பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்று. அது மழையில் மேலங்கி, ஈரத்தில் விரிப்பு. வழியின் வரைபடத்தைத் தொலைபேசியில் வீட்டிலேயே இறக்கிவையுங்கள்.

சாரம் ஒன்று. இதை வெளிநாட்டு வழிகாட்டிகளில் காண முடியாது. விரிப்பு, போர்வை, உடை மாற்றும் மறைப்பு, கையைத் தாங்கும் தூளி, இரண்டு தடியோடு சேர்ந்தால் ஆளைத் தூக்கும் தொட்டில், என் விஷயத்தில் சப்பாத்து வார்.

முதலுதவிக்கு: கட்டுத்துணி இரண்டு சுருள், ஒட்டுப் பிளாஸ்டர், காயம் கழுவும் மருந்து, பரசிற்றமோல், முள்ளும் உண்ணியும் எடுக்கச் சாவணம், இன்னுமொரு ஜீவனி. ஆஸ்துமா, நீரிழிவு, ஒவ்வாமை உள்ளவர்கள் தங்கள் மருந்தைத் தாங்களே வைத்திருப்பதோடு, அது எந்தப் பொக்கெற்றில் இருக்கிறது என்று பக்கத்தில் நடப்பவருக்கும் சொல்லிவையுங்கள்.

ஒலிபெருக்கிப் பெட்டியும் மதுவும் பையில் வேண்டாம். இதற்கு விளக்கம் கேட்கிறவர்களோடு நான் போவதில்லை.

கடிகாரம்

கரடுமுரடான வழியில் புதியவர்கள் மணிக்கு இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நடப்பதாகக் கணக்கிடாதீர்கள். ஓய்வு, படம், சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்தபின் வரும் நேரத்தில் பாதி முடிந்ததும், எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். உச்சி கண்முன்னே கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும்தான். அந்த நேரத்தைக் கிளம்புமுன் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். மலையில் வைத்து முடிவு செய்தால் ஆசை வென்றுவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு மாட்டுப்பட்டிக்காரர். காலையில் வழியில் கண்டவர் கேட்டார்:

"மகன், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்?"

"நாலு, நாலரை ஆகும் ஐயா."

"மூன்றுக்குள் இந்த மரத்தடிக்கு வந்துவிடுங்கள். நாலுக்குப் பிறகு அவர் தண்ணீருக்கு இறங்குவார்."

"யார் ஐயா?"

அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த தடியால் பாதையோரத்தைச் சுட்டினார். கூடை கவிழ்த்ததுபோல ஒரு இலத்திக் குவியல். மேலே ஈரம் இன்னும் மினுங்கியது. ஈக்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. நாங்கள் இரண்டே முக்காலுக்கு அந்த மரத்தடியில் இருந்தோம்.

யானை அதிகமாக நடமாடுவது மாலையிலும் இரவிலும் விடியலிலும். ஆகவே வெளிச்சம் நன்றாகப் பரவிய பிறகு காட்டுக்குள் நுழையுங்கள். மூன்று மணிக்குள் வெளியேறுங்கள். கிழக்கில் சூரியன் முந்தி எழுவதுபோலவே முந்தி விழும். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே அடைந்துவிடும். ஈரமான இலத்தியோ, பால் வடியும் முறிந்த கிளையோ கண்டால் நின்று கேளுங்கள். யானையே தெரிந்தால் கத்தாதீர்கள், கல் எறியாதீர்கள், தொலைபேசியைத் தூக்காதீர்கள். வந்த வழியே ஓசையின்றிப் பின்வாங்குங்கள். யானை வேலிக் கம்பியைத் தொடாதீர்கள்.

பற்றை அடர்ந்த வளைவுகளில் மட்டும் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போவது நல்லது. திடீரென்று எதிரே முளைக்கும் மனிதனைத்தான் பெரும்பாலும் கரடியும் தனி யானையும் தாக்கும். பாலைப்பழக் காலத்தில் பாலை மரத்தடிகளில் கரடியை நினைத்துக்கொள்ளுங்கள். பாதயாத்திரைக்காரர்கள் வழிநெடுக "அரோகரா" சொல்வதில் பக்தியோடு இந்தப் புத்தியும் இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பாறை விளிம்புகளின் அடியில் கறுத்துத் தொங்கும் பெருந்தேனீக் கூடும் குளவிக் கூடும் இருக்கலாம். வாசனையும் புகையும் கூச்சலும் அவற்றைக் கிளப்பும். பீடி சிகரெட் வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். கிளம்பிவிட்டால் சாரத்தால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு வேகமாக விலகுங்கள், கையால் அடிக்காதீர்கள்.

பாம்பு விஷயத்தில், கண் போகாத இடத்தில் கையோ காலோ வைக்காதிருப்பதே முக்கால் பாதுகாப்பு. விழுந்து கிடக்கும் மரக்குற்றியைத் தாண்டாமல், அதன்மேல் ஏறி மறுபக்கம் பார்த்து இறங்குங்கள். கடித்துவிட்டால் கீறவோ உறிஞ்சவோ இறுகக் கட்டவோ வேண்டாம். மோதிரம், காப்பு, கடிகாரத்தைக் கழற்றுங்கள், கடிபட்ட கையையோ காலையோ தடி வைத்து அசையாமல் கட்டுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆளை நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். சிகிச்சை வைத்தியசாலையில்தான், விஷக்கல்லில் அல்ல. அலைவரிசை கிடைத்ததும் 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஆனால் அது காட்டுக்குள் வராது. வாகனம் நிற்கும் இடம்வரை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். குடும்பிமலைப் பக்கமென்றால் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை. அங்கிருந்து தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா.

யாருக்காவது, வியர்ப்பது நின்றாலும் நிற்காவிட்டாலும், தோல் சுட்டு, பேச்சுக் குழறினால் அது களைப்பு அல்ல, வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

இன்னொன்று. போர் நடந்த காடுகள் இவை. ஆள் நடமாட்டமுள்ள தடத்தை விட்டு விலக வேண்டாம். கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுக் குறிப் பலகை கண்டால் அப்படியே திரும்புங்கள். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாதீர்கள், உதைக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும்

குளிக்குமுன் அக்குள், இடுப்பு வார்ப் பகுதி, முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் எல்லாம் உண்ணி பாருங்கள். பிடித்திருந்தால் மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி வைத்தியம் வேண்டாம். சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். அடுத்த இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை வைத்தியரிடம் சொல்லுங்கள். சப்பாத்தைக் கழுவி நிழலில் காய வையுங்கள்.

தாள் வைத்திருப்பவரைக் கிரான் சந்தியிலேயே அழைத்திருப்பீர்கள். இல்லாவிட்டால் குளிப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள். ஒருமுறை நாங்கள் மறந்துவிட்டுச் சந்தியில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். வீட்டில் அம்மா அதற்குள் மூன்று பேரைத் தேடச் சொல்லிவிட்டார்.